அறுபத்துமூன்று கல்யாணங்களை இடம் மாற்றுதல்

1

"பதினொரு சதவீதம் ஆயிருக்கு. நாளைக்குக் காலையிலதான் முடியும். அதுவரைக்கும் அந்தப் பெட்டியை யாரும் ஆஃப் பண்ணாம பாத்துக்கம்மா."

2006 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு, தல்லாகுளத்து வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே ஹரிராம் சொன்னது இது. உள்ளேயிருந்து ஹம்சவேணி, "இட்லி இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள். "நீயே சாப்பிடு. ராத்திரிக்கு உப்புமா மட்டும் ஆக்கிராத" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை உதைத்துக் கிளப்பினான். கப்பலூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவனுக்கு வேலை. அன்று அவன் அங்கே போய்ச் சேரவில்லை.

இந்தக் கதை பிறந்த இடம் அந்த வாசல்படிதான். அதை ஒளித்துவைக்க எனக்கு விருப்பமில்லை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஹம்சவேணி நான்தான். "நான்" என்று எழுத ஆரம்பித்தால் இரண்டாவது வரிக்கு மேல் கை ஓடவில்லை. "அவள்" என்று எழுதினால் ஓடுகிறது. இருபத்தொன்பது வருடம் கோர்ட்டு ரெக்கார்டு ரூமில் இருந்தவள். அங்கே வழக்குக் கட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாருமே மூன்றாம் மனிதர்கள்: வாதி, பிரதிவாதி, சாட்சி. எனக்குப் பழகிய எழுத்து அதுதான்.

(எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். மேலே ஹரிராம் சொன்னதெல்லாம் நான் தமிழில் மாற்றியது. "ஆஃப்", "சதவீதம்", "உப்புமா" மூன்றும் மட்டும் அவன் சொன்னபடியே இருக்கின்றன.)

2

தொடக்கத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றில் இரண்டை அப்படியே விட்டுவைக்கிறேன்.

அன்று காலை வானம் மூடிக்கொண்டு

(மூடவில்லை. நல்ல வெயில்.)

ஒரு தாயின் வாழ்வில் சில நாட்கள்

(இதை யார் எழுதியது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.)

வானத்தை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் கதை நகராது.

ஹாலில் டெலிபோன் மேஜைக்கு அடியில், பக்கத்துத் தகடு கழற்றிய ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. திரை கிடையாது. ஹரிராம் அதை சர்வர் என்பான், ஹம்சவேணி பெட்டி என்பாள். உள்ளே நான்கு ஹார்டு டிஸ்க், ஒவ்வொன்றும் எண்பது ஜிபி. நான்கும் ஒரே ஆள் மாதிரி வேலை செய்யும். அதற்குத் தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை, லினக்ஸே அதைப் பார்த்துக்கொண்டது. அவன் அவளுக்கு விளக்கியது இப்படி: "மூணு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. நாலாமவனுக்கு மூணோட கூட்டல். யாராவது ஒருத்தன் இல்லாமப் போனாலும் மத்த மூணு பேரை வச்சு, இல்லாதவன்கிட்ட என்ன இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சிரலாம்."

"ரெண்டு பேர் இல்லாமப் போனா?"

"அம்புட்டும் போச்சு."

அதில் இருந்தவை கல்யாணங்கள். தெருவில் வீட்டுக்கு வீடு பீரோவில் கிடந்த வீடியோ கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஹரிராம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை வாங்கிவந்து, பஞ்சால் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றினான். காசு வாங்கவில்லை. அறுபத்துமூன்று கல்யாணம் சேர்ந்தபோது பெட்டி நிரம்பிவிட்டது. மூன்றாவது டிஸ்க்கும் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ஆகவே இருநூற்றைம்பது ஜிபியில் நான்கு புது டிஸ்க் வாங்கினான். ஒரு பழையதைக் கழற்றி ஒரு புதியதை மாட்டுவது, மற்ற மூன்றும் சேர்ந்து அதை நிரப்பும்வரை காத்திருப்பது, பிறகு அடுத்தது. மதுரை வெயிலில் டிஸ்க் சூடாகிவிடும் என்று வேகத்தைக் குறைத்து வைத்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் பிடித்தது. இரண்டு முடிந்திருந்தன. வியாழக்கிழமை விடியற்காலையில் கரகரத்த மூன்றாவதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருந்தான். அதன் கணக்குதான் அந்தப் பதினொரு சதவீதம்.

இதில் ஹம்சவேணிக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவள் வீட்டில் கல்யாண வீடியோ கிடையாது. கேமரா வாங்கவுமில்லை. ஹரிராமின் போட்டோக்கள் ஒரு ஆல்பம் நிறைய இருந்தன. ஆனால் அவன் நடப்பது, திரும்புவது, சிரிப்பது எல்லாம் அடுத்தவர்கள் கல்யாணத்தில்தான் இருந்தது. அந்தக் கேசட்டுகளைப் பூஞ்சை தின்றுவிட்டது என்று பலரும் குப்பையில் போட்டுவிட்டார்கள். அவன் அசைந்தது மிச்சமிருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

3

பிளக்கைப் பிடுங்கிய இடம்.

முதல் வரைவில் முத்திருளன் பிடுங்கினார். அவர் ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹரிராமை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். அவனுடைய அக்கா ராதாமணி டெல்லியிலிருந்து மறுநாள் மதியம்தான் வந்து சேர முடியும். அதனால் ஃப்ரீசர் பெட்டி வேண்டியிருந்தது. முத்திருளன் சுவரோரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"பவர் பிளக் எங்கண்ணே இருக்கு? சாதா பிளக்குல இது இழுக்காது."

அந்த ஹாலில் பவர் பிளக் ஒன்றே ஒன்று. அதில் ஹரிராமின் பெட்டி.

உண்மையில் முத்திருளன் பிடுங்கவில்லை. "இதுல என்னமோ ஓடுதே" என்று நின்றுவிட்டார். பழியை அவர்மேல் போட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அது பொய்ச் சாட்சி.

இரண்டாம் வரைவில் சிவக்குமார் பிடுங்கினான். ஹரிராமோடு வேலை பார்த்தவன், செக்கானூரணிப் பக்கம் சொந்த ஊர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் உடன் வந்தவன் அவன்தான். ஹரிராமின் பெட்டிக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான்.

மூன்றாம் வரைவு எனக்கு நினைவிருக்கிறபடி.

சிவக்குமார் பிளக்கில் கை வைத்துக்கொண்டு ஹம்சவேணியைப் பார்த்தான். "அம்மா, இதுல ஹரி..." என்று ஆரம்பித்தான். யாரோ ஒரு பெரியவர், "எளவு வீட்டுல கம்ப்யூட்டரு என்னடா வேண்டிக்கெடக்கு, சட்டுபுட்டுன்னு மாட்டுங்கடா" என்றார். ஹம்சவேணி ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"பிடுங்கு."

பெட்டியோடு இணைத்திருந்த யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அழுகைச் சத்தத்துக்கு நடுவே அது பத்து நிமிடம் விட்டுவிட்டுக் கத்தியது. பிறகு நின்றது. ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் அவன் அவளிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தான்.

(இந்த வாக்கியத்தை ஏழு இடத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.)

4

காரியங்கள் முடிந்து ராதாமணி ஊருக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவக்குமார் வந்தான். பெட்டிக்கு ஒரு திரையை மாட்டி சுவிட்சைப் போட்டான். எழுத்துகள் ஓடி வந்து ஓரிடத்தில் நின்றன. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா சொல்லுது?"

"மூணாவது டிஸ்க்கு பாதியில நிக்கிதும்மா. மத்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுமான்னு அதுக்குச் சந்தேகம். அதான் ஆரம்பிக்க மாட்டேங்குது."

"இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியும். டர்ட்டின்னு போட்டிருக்கே."

"அது சும்மா ஒரு வார்த்தைம்மா."

"தீட்டு வீடுன்னு எங்களையும் அப்படி நினைச்சுத்தான் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போறாங்க. பரவாயில்ல. வழி என்ன, அதச் சொல்லு."

"வலுக்கட்டாயமா எந்திரின்னு ஒரு கட்டளை இருக்கு. அடிச்சா எந்திரிச்சிரும், அனேகமா."

"அனேகமான்னா?"

"நூத்துக்குத் தொண்ணூறு."

"மிச்சம் பத்து?"

சிவக்குமார் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

ரெக்கார்டு ரூமில் கட்டு ஒன்று நைந்து வந்தால் யாரும் உடனே ஊசி நூலை எடுக்க மாட்டார்கள். முதலில் நகல். பிறகுதான் மூலத்தில் கை. புது ஷெல்ஃபில் எல்லாம் சரியாக இருக்கிறதென்று ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை பழைய ஷெல்ஃபைக் காலி செய்யவும் மாட்டார்கள். ஹம்சவேணிக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

"மூணையும் முதல்ல நகல் எடு."

"எதுலம்மா எடுக்க? எடம் வேணுமே."

அவள் பீரோவிலிருந்து கவர் பிரிக்காத நான்காவது புது டிஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தாள். சிவக்குமார் விரல் விட்டு எண்ணினான்.

"புதுசு ரெண்டுலயும் எம்பதுதான் ரொம்பியிருக்கு. மூணு எம்பது, எரநூத்தி நாப்பது. இது எரநூத்தி அம்பது."

"கொள்ளுமா?"

"அளந்து தச்ச மாதிரி கொள்ளும்." அவன் முகத்தில் அன்றுதான் முதல்முறையாகச் சிரிப்பு போல ஒன்று வந்தது. "இது எனக்குத் தோணலயே. மாப்ள இருந்திருந்தா மண்டையிலயே தட்டியிருப்பான்."

நகல் எடுக்க அன்றைய பகல் முழுதும் போயிற்று. எடுத்து முடித்து, நகல் டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அவள் சரி என்றாள். சிவக்குமார் கட்டளையை அடித்தான். எழுந்தது. மறுநாளைக்குள் மூன்றாவது டிஸ்க்கும் முழுக்க நிரம்பிவிட்டது. அறுபத்துமூன்று பெயர்களும் பட்டியலில் வரிசையாக வந்து நின்றன.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஒரு நல்ல கதாசிரியர் முடித்திருப்பார்.

5

"பட்டியல்ல பேர் இருந்தா கட்டு இருக்குன்னு அர்த்தமில்ல" என்றாள் ஹம்சவேணி.

"ரெண்டு மூணு திறந்து பாத்துட்டேம்மா. ஓடுது."

"அறுபத்துமூணையும் பாக்கணும். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்."

"ஒவ்வொண்ணும் மூணு மணி நேரம்மா!"

"எனக்கு வேற என்ன வேலை இருக்கு?"

அப்படித்தான் அந்த வருடம் போயிற்று. துக்க வீட்டுக்கு ஒரு வருடம் யாரும் பத்திரிகை வைக்க மாட்டார்கள். வைத்தாலும் அவள் போகப்போவதில்லை. கணவர் கிரிதரன் 1994இல் இறந்ததிலிருந்தே அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. சொல்லும்படி வைத்துக்கொள்ளவும் அவளுக்கு விருப்பமில்லை. அப்படிப்பட்டவள் அந்த ஒரு வருடத்தில் அறுபத்துமூன்று கல்யாணம் பார்த்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காருவாள். ஒரு நோட்டில் வரிசை எண், பெயர், நேரம், "சரி" என்று ஒரு கட்டம். நாதஸ்வரம், பட்டுப்பாவாடை, விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும் பெரியவர்கள், பந்தியில் கேமராவைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிடும் வாய்கள். ஒருவர் குறையாமல் எல்லாரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

1994 வரையிலான கல்யாணங்களில் அவளே இருந்தாள். பூ வைத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு நடந்தவற்றில் அவள் இல்லை. வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டுமே என்று பதினைந்து வயதுப் பையனைத் தனியாக அனுப்பி வைத்திருக்கிறாள். இப்போதுதான் பார்க்கிறாள், அவன் தனியாகப் போன இடங்களில் எப்படி இருந்தான் என்று. ஒரு கல்யாணத்தில் எல்லாரும் போனபிறகு நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காதவன். இன்னொன்றில் யாருமில்லாத மணமேடையில் ஏறி மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, யாரோ கூப்பிட்டதும் குதித்து இறங்கினான்.

அறுபத்துமூன்றில் பத்தொன்பதில் அவன் வந்தான். எல்லாம் சேர்த்துப் பதினான்கு நிமிடம் சொச்சம்.

6

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஐம்பத்தெட்டாவது கல்யாணத்தில், 2003, மண்டப வாசலில் ஹரிராம் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு நிற்கிறான். பச்சைப் புடவை. முகம் முக்கால்வாசிதான் தெரிகிறது. அவள் ஏதோ சொல்ல, அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறான். நான்கு நொடி. பிறகு கேமரா பன்னீர்ச் செம்புப் பக்கம் போய்விடுகிறது.

ஹம்சவேணி அந்த நான்கு நொடியை எத்தனை தரம் பார்த்தாள் என்று நோட்டில் எழுதவில்லை.

அந்தப் பெண்ணைக் கதைக்குள் கொண்டுவரலாம். இந்துப்ரியா என்று ஒரு பெயர்கூட வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் அவள் வாசலில் வந்து நிற்பாள், "நீங்கதான் ஹரியோட அம்மாவா" என்று கேட்பாள், ஹம்சவேணி அவளை உள்ளே

(நிறுத்துகிறேன். யாரும் வரவில்லை. அவள் வெறுமனே, கை கழுவுகிற இடம் எங்கே என்று கேட்டவளாகவும் இருக்கலாம். நான் அவளைத் தேடவில்லை. தேடியிருந்தால் அவன் சிரித்ததற்குக் காரணம் தெரிந்துவிடும். அது அவனுடையது.)

7

பழுது இருந்தது ஒன்றே ஒன்றில். இருபத்திரண்டாவது, ஜெயக்கொடியின் கல்யாணம், 1988. பன்னிரண்டாம் நிமிடத்தில் படம் உறைந்து, சதுரம் சதுரமாக உடைந்து, பதினைந்தாம் நிமிடத்தில்தான் மறுபடி தொடங்கியது. இடையில் போனது தாலி கட்டுகிற இடம். சிவக்குமார் நகலிலிருந்தும் எடுத்துப் பார்த்தான். அதிலும் அப்படியே. பிளக் பிடுங்கியதால் போனதா, கேசட்டிலேயே அப்படியிருந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. கேசட் குப்பைக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

ஜெயக்கொடி நான்கு வீடு தள்ளி இருப்பவள். விவசாயக் குடும்பம், மேற்கே நிலம் இருக்கிறது. பேச்சில் யாருக்கும் பயப்பட மாட்டாள். ஹம்சவேணி அவள் வீட்டுக்குப் போய், உட்காராமலே விஷயத்தைச் சொன்னாள்.

"அட, இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு வந்தீக? உக்காருங்கக்கா மொதல்ல."

"தாலி கட்டுற இடம்டி, ஜெயக்கொடி."

"கட்டுனதுதான் கழுத்துல கெடக்கே. பத்தொம்பது வருசமா அந்தாளு மூஞ்சிய நேர்லயே பாத்துக்கிட்டிருக்கேன், இதுல வீடியோ வேறயா? போகட்டும்."

"நான்தான் பிளக்கப் பிடுங்கச் சொன்னேன்."

"சொல்லாம? பிள்ளைய வெயில்லயா போட்டு வைப்பாக?"

ஹம்சவேணி உட்கார்ந்தாள். ஜெயக்கொடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் அமர்ந்தாள். அவளாகவே சொன்னாள்.

"அந்த மூணு நிமிசத்துல ஒங்க ஹரி இருந்தாங்க்கா."

"இருந்தானா?"

"ஒம்போது வயசுப் பய. எல்லாரும் அட்சதைய ஒரே வீச்சா வீசிட்டு முடிச்சாச்சு. இவன் மட்டும் நேரா முன்னால வந்து நின்னு, நிதானமா, ஒவ்வொரு அரிசியா எறியிறான். எங்க வீட்டுக்காரரு மொறைக்கிறாரு. இவன் அவரப் பாத்துக்கிட்டே இன்னொண்ண எறியிறான். எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. தாலி ஏறுன நிமிசம், பொண்ணு சிரிக்கிறாளேன்னு எங்க அத்த முதுகுல கிள்ளுது. வீடியோக்காரன் லைட்டையே இவம்பக்கம் திருப்பிட்டான்."

ஹம்சவேணி அன்று பின்வரிசையில் இருந்தவள். அவளுக்கு இது தெரியாது.

"எத்தன எறிஞ்சான்?" என்று கேட்டாள்.

"எண்ணிக்கிட்டா இருந்தேன்?" ஜெயக்கொடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும்க்கா."

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் இருபத்திரண்டாம் எண்ணுக்கு எதிரே "பழுது" என்று எழுதினாள். பக்கத்திலேயே "உரிமையாளர் வாய்மொழியாகத் தெரிவித்தது" என்று போட்டு, பத்துப் பதினைந்து அரிசி என்றும் எழுதிவைத்தாள்.

8

நோட்டு முடிந்தது. அறுபத்திரண்டு சரி, ஒன்று பழுது. ஹம்சவேணி கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள்.

இனி மிச்சமிருந்தது நான்காவது டிஸ்க். பெட்டிக்குள் கடைசியாக ஒரு பழைய எண்பது ஜிபி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நான்காவது புதியதை மாட்டினால் ஹரிராம் தொடங்கிய வேலை முடியும். ஆனால் அந்தப் புதியதில்தான் நகல் இருந்தது. மாட்டினால் நகல் அழியும்.

இன்னொரு டிஸ்க் வாங்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சிவக்குமாரும் கேட்டான், தானே வாங்கி வாரேன் என்றான். ஹரிராம் வாங்கி வைத்துவிட்டுப் போனது நான்கு. ஐந்தாவது வந்தால் அது வேறு யாருடைய வேலையோ ஆகிவிடும். இதை அவளால் சிவக்குமாரிடம் விளக்க முடியவில்லை. உங்களிடமும் இதற்குமேல் முடியவில்லை.

"அழிக்கட்டாம்மா?" என்றான் சிவக்குமார். விரல் கீபோர்டின் மேல் இருந்தது. பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"அந்த ஜெயக்கொடியக்கா படம் போனது என்னாலதாம்மா. ஒரு வருசமாச் சொல்லணும்னு இருந்தேன்."

"உன்னால இல்ல. நான்தான் பிடுங்குன்னு சொன்னேன்."

"நீங்க எங்கம்மா சொன்னீக? நீங்க வாயவே தொறக்கல. ஹரி காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீக. நான் ஒங்களப் பாத்தேன், நீங்க பாக்கல. நானாத்தான் பிடுங்கினேன். முறையா அணைச்சுட்டுப் பிடுங்க ரெண்டே நிமிசம் போதும். எனக்கு அது தெரியும். கைதான் வரல."

"பிடுங்குன்னு சொன்னேன்ப்பா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"இல்லம்மா."

"சொன்னேன்."

"சத்தியமா இல்லம்மா."

இரண்டு பேரும் வழக்காடினார்கள். ஒருவர் விட்டுக்கொடுத்திருந்தால் மற்றவர் இலேசாகிப் போயிருக்கலாம். இரண்டு பேரும் விடவில்லை. ஒரு கட்டத்தில் அவள், "எனக்காகப் பொய் சொல்லாதடா" என்று சத்தம் போட்டாள். அதுவரை அவள் அவனை "டா" போட்டதில்லை. அவன், "நான் ஏம்மா பொய் சொல்லப் போறேன்" என்று முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான்.

மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் எழுதியதை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. ஒரே வழக்கில் இரண்டு சாட்சிகள் முரணாகச் சொல்லியிருந்தால் இரண்டையும் ஒரே கட்டில்தான் வைத்துக் கட்டுவோம். ஒன்றைக் கிழித்துப்போட ரெக்கார்டு ரூமுக்கு அதிகாரம் இல்லை.

"அழி" என்றாள் ஹம்சவேணி.

அழித்தான். மாட்டினான். ஒரு நாள் கழித்து நான்கும் முழுமை என்று வந்தது.

9

முடிவு.

ஒன்று பாக்கி இருந்தது. நான்கு டிஸ்க்கும் பெரிதாகிவிட்டன, ஆனால் பெட்டிக்கு அது தெரியாது. தான் இன்னும் பழைய அளவுதான் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். "ரெண்டே ரெண்டு கட்டளைம்மா. இம்புட்டு எடம் இருக்கு, எடுத்துக்கன்னு சொல்லணும். எடுத்துக்கிரும்" என்றான் சிவக்குமார்.

"இருக்கட்டும். இப்ப என்ன அவசரம்" என்றாள்.

அவன் வற்புறுத்தவில்லை. இரண்டு கட்டளையையும் ஒரு காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனான். அது 2007. இதை எழுதுவது 2009.

போன மாதம் ஜெயக்கொடியின் மகள் அஸ்வினிக்குக் கல்யாணம் நடந்தது. ஹம்சவேணி போகவில்லை. போன வாரம் அஸ்வினி, கழுத்தில் மஞ்சள் காயாத கயிற்றோடு, ஒரு டிவிடியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, இதையும் அந்தப் பெட்டியில போட்டு வைங்க. அம்மாவோடது பக்கத்துல."

"அதுல எடம் இல்லையேம்மா."

"பெருசு பண்ணியாச்சுன்னு சிவா அண்ணன் சொன்னாரே!"

"பண்ணியாச்சு. ஆனா..." என்று ஹம்சவேணி நிறுத்தினாள்.

"ஹரியண்ணன் இருந்தா எம்படத்தையும் ஏத்தியிருப்பாருல்ல?" என்றாள் அஸ்வினி. கேட்டுவிட்டு உடனே, "தப்பாக் கேட்டுட்டேனா பெரியம்மா?" என்றாள்.

"இல்லம்மா. வச்சுட்டுப் போ."

டிவிடி நான்கு ஜிபிக்கு மேல். அதை ஏற்ற வேண்டுமானால் இடத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால், அறுபத்துநான்காவதாக, அவன் எங்குமே வராத ஒரு கல்யாணம் உள்ளே வரும். அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு வருகிறவர்கள் எல்லாருடையதும். அதற்குத்தான் அவன் நான்கு டிஸ்க் வாங்கினான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) ஹம்சவேணி காகிதத்தைப் பிரித்து ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறாள். அஸ்வினி திரையில் வருகிறாள். (இதை எழுதியபோது கடைசி வரியில் ஒரு சின்னப் புன்னகை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

ஆ) சிவக்குமார் வருகிறான், அவள் காபி போட உள்ளே போன நேரத்தில் அடித்துவிடுகிறான். இந்த முறை அவன்தான் செய்தான் என்பதில் வழக்கு இல்லை.

இ) அவள் டிவிடியை அஸ்வினியிடமே திருப்பிக் கொடுத்து

மூன்றாவதை முடிக்கவில்லை. மூன்றில் எதையும் நான் இங்கே நடத்தப் போவதில்லை. அந்தக் காகிதத்தை எடுக்கிறவர்கள் எடுக்கலாம். நீங்களாக இருந்தாலும் சரி. வேண்டாம் என்று நான் தடுக்க மாட்டேன், செய் என்று சொல்லவும் மாட்டேன். "பிடுங்கு" என்று ஒரு சொல் சொன்னேனா இல்லையா என்பதே முடிவாகாத வீடு இது.

டிவிடி மேஜையில் இருக்கிறது. கீழே பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு இடம் மீதம் என்று கேட்டால், திரையில் 3.1 ஜிபி என்று காட்டுகிறது.